எட்டரை மணி மாமியாரின் சாவு

பூமாரிக்கு வயது முப்பத்திரண்டுதான். ஆனாலும் எட்டரை மணி ஆனால் போதும், அவளைவிட மூத்த ஓர் ஆண்பிள்ளை “அம்மா” என்று அலறிக்கொண்டு வந்து அவள் காலில் விழுவான். காதோரம் பூசிய நரை, கழுத்து கொள்ளாத கவரிங் நகை, பெயர் ராஜலட்சுமி. சீரியலின் கொடுமைக்கார மாமியார் அவள்தான். மருமகள் குடிக்கிற பாலில் அவள் கலக்காத விஷம் கிடையாது. ஊரில் உள்ள பெண்களெல்லாம் அவளைச் சபித்துக்கொண்டே ராத்திரிச் சாப்பாட்டை முடித்தார்கள். ஒருமுறை காய்கறிக் கடையில் ஓர் அம்மாள் அவளை அறையவே வந்துவிட்டாள். நடிகைக்கு இதைவிட என்ன விருது வேண்டும்?

ஒரே ஒரு குறை. வாய் அவளுடையது, குரல் அவளுடையது இல்லை.

அவளுடைய குரல் ராயபுரத்தில், வெள்ளத்துரையின் கானா குழுவில் பாடி வளர்ந்த குரல். கல்யாணமோ கருமாதியோ, பூமாரி வாயைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிக்காரனும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவான். யாரோ போனில் பிடித்துப் போட்ட பாட்டைப் பார்த்துத்தான் சேனல்காரர்கள் தேடி வந்தார்கள். முகத்தைப் பார்த்து மயங்கினார்கள். “இன்னா சார், உக்காருங்க” என்றாள் பூமாரி. மயக்கம் தெளிந்துவிட்டது.

“முகம் லட்சுமிகரமா இருக்கு. குரலை நாங்க பார்த்துக்கறோம்” என்றார் டைரக்டர் அருள்பிரகாசம்.

பார்த்துக்கொண்டார். ஏழு வருடமாக ராஜலட்சுமிக்கு டப்பிங் பேசியது இஷ்ரத் என்ற பெண். அந்தச் சுத்தமான உச்சரிப்பைக் கேட்டு மயிலாப்பூர் மாமிகள்கூட ராஜலட்சுமி தங்கள் தெருதான் என்று சத்தியம் செய்வார்கள். இஷ்ரத்துக்கு வீடு வண்ணாரப்பேட்டை. இதை அந்த மாமிகளிடம் யார் சொல்வது?

பூமாரியின் அம்மா தாயம்மா மட்டும் ஓர் எபிசோடுகூடப் பார்க்கவில்லை. தெரு முனையில் அவளுக்கு மீன் வறுவல் கடை, கடையில் டி.வி.யும் உண்டு. எட்டரை ஆனதும் சேனலை மாற்றிவிடுவாள்.

“மூஞ்சி உன்னுது, கொரலு எவளுதோ. அத்த இன்னாத்துக்கு நான் பாக்கணும்? நீ பேசுற அன்னிக்கு சொல்லு, கடைய சாத்திட்டுப் பாக்கறேன்” என்பாள்.

பூமாரிக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஊரே பார்த்தும் என்ன, பெற்றவள் பார்க்கவில்லையே. ஒரு நாள் துணிந்து அருள்பிரகாசத்திடம் கேட்டுவிட்டாள். “ஒரே ஒரு எபிசோடு சார். என் கொரல்ல நானே பேசிக்கறேன்.”

அருள்பிரகாசம் சிரித்தார். டைரக்டர்கள் சிரித்தால் உஷாராக இருக்க வேண்டும் என்பது பூமாரிக்கு மறந்துவிட்டது. அடுத்த வாரமே ராஜலட்சுமி மாடிப்படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள்.

அதோடு விட்டார்களா? ராஜலட்சுமி பிறந்தது ஓர் ஏழைக் குடும்பத்திலாம், அதை மறைத்தே வாழ்ந்தாளாம், பிணம் பிறந்த தெருவுக்கே திரும்புகிறதாம். “நேட்டிவிட்டி வேணும்” என்று அருள்பிரகாசம் யூனிட்டோடு ராயபுரத்துக்கே, அதுவும் பூமாரியின் தெருவுக்கே வந்து இறங்கினார். சாவுப் பாட்டுக்கு வெள்ளத்துரையையே பிடித்தார். “பொய் சாவுக்கெல்லாம் நான் வர மாட்டேன்” என்று தாயம்மா கடையிலேயே இருந்துகொண்டாள்.

பெஞ்சியில் பூமாரியைக் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சேர்த்துத் தலையோடு ஒரு வெள்ளைத்துணிக் கட்டு. இத்தனை வருடம் துணியில்லாமலே கட்டியிருந்த வாயைத்தான் இப்போது துணியால் கட்டுகிறார்கள் என்று நினைத்தபோது பிணத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

“செத்தது ராஜலட்சுமி. பேரை ஞாபகம் வெச்சுக்கங்க” என்றார் அருள்பிரகாசம்.

வெள்ளத்துரை தலையாட்டினார். அவர் பாடாத சாவு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் பிணத்தின் முகத்தை நன்றாகப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, செத்தவர் பேரையும் பெற்றவள் பேரையும் கோர்த்துப் பாட்டை எடுப்பார். காலகாலமாக வந்த பழக்கம் கேமராவைக் கண்டதும் மாறிவிடுமா? முகத்தைப் பார்த்தார். சின்னப் பெண்ணாகத் தன் குழுவில் பாட வந்த முகம். கண்ணை மூடினார். தாளம் விழுந்தது.

“பூவா வந்த பூமாரி... தாயம்மா பெத்த பூமாரி... எங்களை வுட்டுப் பூட்டியே...”

காசுக்கு அழ வந்த துணை நடிகைகள் வாயடைத்துப் போனார்கள், தெருவே அழுதது. பேரைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரிகள் ஷூட்டிங் என்பதை மறந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அப்போதுதான் வந்து இறங்கிய பூமாரியின் சித்தப்பா ஒருவர், விஷயம் தெரியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பேர் தப்பு என்பது அருள்பிரகாசத்துக்கு உறைத்தது. ஆனால் இவ்வளவு நல்ல அழுகைக்குக் கட் சொல்ல மனசு வரவில்லை.

பாட்டு தெரு முனைக்கும் போயிற்று. தாயம்மா கொதிக்கிற எண்ணெயை விட்டுவிட்டு ஜல்லிக்கரண்டியோடு ஓடி வந்தாள்.

“யோவ் வெள்ளத்துரை! உசுரோட கீற என் பொண்ணுக்கு இன்னா பாட்டுய்யா பாடுற?”

“தாயம்மா... அது மூஞ்சப் பாத்துக்கினே இருந்தேனா, வாயில அது பேருதான் வந்துச்சு.”

“வாயில வந்துச்சா? அந்த வாயை எண்ணெயில போட்டு எடுக்கறேன் வா!”

அவள் கரண்டியை ஓங்கியபோது பிணம் எழுந்து உட்கார்ந்தது. சித்தப்பா மயங்கி விழுந்தார். பூமாரி தாடைக்கட்டைப் பிய்த்து எறிந்தாள். “யம்மா, கம்முனு இரு! ஷூட்டிங் நடந்துகினு கீது!”

“நீ கம்முனு கெட. பொணத்துக்கு இன்னாடி பேச்சு?”

தாயம்மாவுக்கு அது கோபம் இல்லை, பயம். சாவுப் பாட்டில் பேர் ஏறினால் ஆளை வாங்காமல் லேசில் இறங்காது என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. எடுத்த பாட்டைப் பாதியில் விடவும் கூடாது. வெள்ளத்துரை ஜல்லிக்கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தாயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முடிவைச் சொன்னாள்.

“மீதிய நீயே பாடுடி. செத்தவ பாட மாட்டா. நீ பாடுனா உன் பேரு தன்னால எறங்கிடும்.”

“யாராவது பாடித் தொலைங்கம்மா, வெளிச்சம் போகுது. குரலை டப்பிங்ல மாத்திக்கறேன்” என்றார் அருள்பிரகாசம்.

மூக்கின் ஒரு துளையில் பஞ்சோடு பெஞ்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூமாரி பாடினாள்.

“பெத்துப் போட்டது ஒரு தாயி – எனக்குப்
பேச வந்தது வேற வாயி
மூஞ்ச மட்டும் எடுத்துக்கினு – ராஜலட்சுமி
முடிஞ்சதும் போட்டான் பாயி...”

அழுத தெரு சிரித்தது. சிரித்துக்கொண்டே மறுபடி அழுதது. ஏழு வருடம் உள்ளேயே கிடந்த குரல், துருப்பிடிக்காமல் வந்தது. கேமரா கூட்டத்தின் முகங்களை எடுத்துக்கொண்டது. பிறகு பூமாரி படுத்துக்கொண்டாள், பிணத்தைத் தனியாக எடுத்தார்கள்.

டப்பிங் தியேட்டரில் இஷ்ரத் ஒரே பிடியாக நின்றுவிட்டாளாம். “சாவுப் பாட்டெல்லாம் பாடினா எங்கம்மா என்னைச் செருப்பால அடிப்பாங்க சார். யார் பாடினாங்களோ அதையே விடுங்க.” போன் போட்டுப் பூமாரியிடம் சொன்னதும் அவள்தான். ஆனால் சேனலில் கடைசி நேரத்தில் வேறு யாரையாவது பிடித்துப் பாட வைத்துவிடலாம். பயந்துகொண்டேதான் பூமாரி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

தாயம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுப்பை அணைத்தாள், ஷட்டரைப் பாதி இறக்கினாள், ஸ்டூலை டி.வி.க்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூமாரி டி.வி.யைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெத்துப் போட்டது ஒரு தாயி...”

அவளுடைய குரல்தான். பாட்டு முடிந்து, ராஜலட்சுமியின் படத்துக்கு மாலை போட்டு, விளம்பரம் வந்த பிறகுதான் தாயம்மா வாயைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

“இன்னிக்குத்தான்டி என் பொண்ணு டி.வி.ல வந்தா. வந்த அன்னிக்கே சாவடிச்சிட்டானுங்களே, கட்டையில போறவனுங்க!”