பெரிய கட்டிச் சூடம்

1

இந்தக் கதை செத்த வீட்டில் கேட்ட ஒரு பேச்சிலிருந்து வந்தது. ஸ்டோர் மேனேஜர் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் நின்று, தன்னிடம் வேன் ஓட்டிய சிவசாமியைப் பற்றிச் சொன்னார்: "ஒரு நாளும் தவற மாட்டாரு. அன்னைக்கு மட்டும் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தாமப் போயிட்டாரு. அதான் இப்படி ஆயிருச்சு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதைத் திருத்த ஒரு கதை தேவைப்படுகிறது.

(நான் சிவசாமியின் மனைவி. 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. ஆகவே இனி நிஷாந்தி என்றொருத்தி இருக்கிறாள். அவளுக்கு என்னைவிடத் துணிச்சல் அதிகம்.)

2

முதல் தொடக்கம்: மூடுபனி மலைகளை மெல்லத் தழுவிய அந்த மாலைப் பொழுதில்…

வேண்டாம். பொலிஸ் அறிக்கையிலேயே பனிமேல் பழி போட்டாயிற்று.

இரண்டாவது: சிவசாமிக்குத் தூக்கம் வந்தது.

இது இருக்கட்டும்.

ஹட்டனிலிருந்து கடைகளுக்கு பிஸ்கட், சவர்க்காரம், பால்மா கொண்டுபோகும் வேன் அவருடையது. விடியுமுன் ஏறினால் வலப்பனைச் சுற்று. அது முடிந்து திரும்பினால் டயகமச் சுற்றும் அவர் தலையில்தான். ஓட்டுநருக்கு ஓய்வு உண்டென்று ஸ்டோர் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் வேன் எங்கே நிற்கிறது என்பது மேனேஜரின் போனில் தெரியும். நின்றால் உடனே அழைப்பு வரும்: "ஏன் நிக்குது?"

ஒரு பதிலுக்கு மட்டும் அவரிடம் மறுபேச்சு இல்லை: "சாமி கும்பிடுறேன் சார்." ரோட்டோரத்து வளைவுப் பிள்ளையாருக்குச் சூடம் காட்டாமல் இந்தப் பாதையில் யார்தான் போகிறார்கள்? மேனேஜரும் பக்திமான். சாமி காரியத்தில் தலையிட மாட்டார்.

3

"நிஷா, அடுத்த தடவ சூடம் பெரிய கட்டியா வாங்கு."

"ஏன், பிள்ளையாருக்குக் கண்ணு மங்கிருச்சாக்கும்?"

"வயசாகுதுல்ல அவருக்கும்."

சிரித்தார்கள். புருசனுக்குப் பக்தி கூடிவிட்டதென்று நிஷாந்தி பக்கத்துக் காம்பரா வீட்டில் பெருமையடித்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் அவர் முகத்தை வர்ணிக்க வேண்டும். கண்கள் எப்போதும் சிவந்து… பிறகு எழுதுகிறேன்.)

4

கருமாதி முடிந்தபின் சப்ராஸ் வந்தார். அதே ஸ்டோரில் இன்னொரு ஓட்டுநர்.

"தங்கச்சி, மச்சான் அங்க சாமி கும்பிடல. கோயில் கம்பியில சாஞ்சு தூங்கினாரு. சூடம் எரியிற வரைக்குந்தான் தூக்கம். அணைஞ்சதும் பூக்கார மீனம்மா தட்டி எழுப்பும்."

நிஷாந்தி தேத்தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னைய வேற கிண்டல் பண்ணுவாரு. 'ஒனக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா மட்டுந்தான்டா, எனக்குத் தெனமும் பிள்ளையாரு'ன்னு. அன்னைக்கு மண்சரிவு. பொலிஸ் கோயிலடியில வண்டிய நிப்பாட்ட விடல. தூங்காமப் போனாரு. அடுத்த வளைவுலயே வேன் தேயிலைக்குள்ள எறங்கிருச்சு."

அலமாரியில் பிரிக்காத சூடப் பாக்கெட் ஒன்று இருந்தது. பெரிய கட்டி. அதைப் பார்த்தபடியே நிஷாந்தி கேட்டாள்.

"இப்ப அந்த ரெண்டு சுத்தும் யாருக்கு, சப்ராஸ் நானா?"

சப்ராஸ் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "எனக்கு."

5

முடிவு ஒன்று: மேனேஜர் மனம் திருந்துகிறார். (அவர் அழுகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: சப்ராஸ் வேலையை விடுகிறார். (அவர் மனைவி ரினோஸாவுக்கு நிறைமாதம். விட மாட்டார்.)

முடிவு மூன்று: சப்ராஸும் சூடம் கொளுத்தப் பழகுகிறார். (வாசித்துக் காட்டினேன். "அல்லாவே! தூங்குறதுக்கு மதம் மாறச் சொல்றீங்களா தங்கச்சி?" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைக் கசக்கினார். அந்தக் கசக்கலை எனக்குத் தெரியும். மூன்றையும் அடித்துவிட்டேன்.)

6

பட்டப்பகல். டயகமச் சுற்றுக்குப் போகும் வேன் வளைவுப் பிள்ளையார் முன்னால் நிற்கிறது. பேசி வைத்தபடி சப்ராஸ் போனைப் பக்கத்து இருக்கையில் இருக்கும் நிஷாந்தியிடம் கொடுத்துவிட்டு, இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துவாயைப் போட்டுக்கொள்கிறார். மீனம்மா பூக்கட்டுவதை நிறுத்திப் பார்க்கிறாள்.

"சூடம் வேணாமா புள்ள?"

"இன்னைக்கு வேணாங்க."

போன் அடிக்கிறது.

"ஏன் நிக்குது? ஒனக்கு அங்க என்ன சாமி?"

"தூங்குறாரு சார்."

"யாரு பேசுறது?"

"சிவசாமி பொண்டாட்டி. அவரும் இங்க தூங்கத்தான் நின்னாரு. சாமி கும்பிடல."

"சரி சரி. அவன எழுப்பும்மா."

அவள், "முடியா…

(இதற்குப் பிறகு நிஷாந்தி என்ன சொன்னாள் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவள் தனியாகவே நின்றுகொண்டிருந்தாள். அது சரியில்லை.)

மேனேஜர் இன்னும் அழைப்பில்தான் இருக்கிறார். போனை உங்கள் கையில் தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கொஞ்சம் மெதுவாக. ஆள் தூங்குகிறார்.