இரண்டு விரல் துணி

சட்டையின் இரண்டு கைகளும் ஏறிவிட்டன. பட்டன்தான் காஜாவுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்திருந்த பக்கத்துக் கடை முடிவெட்டுக்காரர் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். துணி வயிற்றோடு நின்றுகொண்டது.

"வராதும்மா," என்றார் மகளிடம். "உடம்புல நீர் ஏறியிருக்கு. கை விறைக்கறதுக்குள்ள வேற ஏதாவது போட்டுடணும்."

அப்பா தையல்காரர். முன்னறை கடை, பின்னறை வீடு. இரண்டு வருடமாக இளைத்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பத்து நாளில் சிறுநீரகம் கைவிட ஊதிப்போனார். விடியற்காலையில் மூச்சு நின்றது. வாசலில் வண்டி தயார். சாலை தோண்டும் வேலை பத்து மணிக்குத் தொடங்கிவிடும், அதற்கு மேல் தெருவில் எந்த வண்டியும் நிற்க முடியாது.

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். துக்கம் வந்தாலும் அவருக்கு அவசரமாகத்தான் வரும்.

"எதிர்க்கடையில டபுள் எக்ஸெல் இருக்கும். ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

காலையிலிருந்து வாயே திறக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"கடைச் சட்டையா?"

சித்தப்பா வாசலுக்கு வைத்த காலைப் பின்னால் எடுத்தார். எதிரே எட்டு மாடியில் கண்ணாடிக் கடை எழும்பியபோது ஊரே வந்து அப்பாவுக்கு ஆறுதல் சொன்னது. ஆனால் அங்கே தொங்கிய சட்டைகள் யார் உடம்பையும் பார்த்துத் தைத்தவையல்ல. வாங்கியவர்கள் பையும் கையுமாகச் சாலையைக் கடந்து, அளவு சரிசெய்ய அப்பாவிடமே வந்தார்கள். "எட்டு மாடி கட்டி எனக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறான், புண்ணியவான்" என்பார்.

"அப்போ முதுகுல நீளமாக் கிழிச்சிடலாம்," என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "எல்லாருக்கும் அப்படித்தான் போடறாங்க. முன்னாடி பார்த்தா தெரியாது."

முப்பத்தெட்டு வருடம் ஊருக்கே அளந்து தைத்த மனிதரைக் கிழிந்த சட்டையோடு அனுப்புவதா? என்ன ஆனாலும் அது மட்டும் நடக்கக் கூடாது என்று மகளுக்குத் தோன்றியது.

"கிழிக்க வேணாம் சித்தப்பா. வண்டிக்காரர்கிட்ட அரைமணி நேரம் கேளுங்க."

அப்பா தனக்கே தைத்துக்கொண்ட அந்தச் சட்டையைக் கழற்றி, உட்புறம் திருப்பிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அவள் ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே தையலுக்கு வெளியே கால் அங்குலத் துணி கூடுதலாகப் போனாலே விசாரணை. அப்பாவோ பக்கத்துக்கு இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து வைப்பார். அதற்காக அவரோடு அவள் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"யாருக்குப்பா இப்படிச் சேர்த்து வெக்கறீங்க? வருஷத்துக்கு இருபது சட்டைத் துணி வீணாப் போகுது."

"சட்டை அப்படியே இருக்கும்மா. ஆளு இருப்பானா?"

முடிவெட்டுக்காரர் பாதி பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பக்கத் தையலைப் பிரித்தாள். மடிப்பு விரிந்தது. வெளியே வெளுத்த நீலம். உள்ளே துணி வாங்கிய அன்றைய நீலம்.

பிரித்த தையலைத் தாண்டி, ஊசி போன தடம் இன்னொரு வரிசை இருந்தது. அதற்கும் அப்பால் மற்றொன்று. சட்டை தைத்த வருடத்து அப்பா, நோய் தொட்ட வருடத்து அப்பா, எலும்பும் தோலுமான அப்பா. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. யாரிடமும் சொல்லாமல் தன்னைத் தானே பிடித்துச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த மூன்று வரிசைக்கும் வெளியே ஊசி படாத துணி இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. இன்றைய அப்பாவுக்கும் அதில் இடம் இருந்தது.

அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது, அதற்கு நேரமில்லை.

நிமிர்ந்தாள். வாசலில் தெரு கூடியிருந்தது. செருப்புத் தைப்பவர், பேப்பர் போடுகிறவர், எதிர்க்கடைக் காவலாளி. எல்லாரும் போட்டிருந்தது அப்பா தைத்த சட்டை; தோள் தையல் தோள்முனையிலேயே நின்றது. இத்தனை பேரும் உள்ளே இரண்டு விரல் துணியோடு நடமாடுகிறார்கள், ஒருவருக்கும் தெரியாது. வருடக்கணக்காகப் பார்த்த முகங்களை அவள் அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினை மிதித்தாள். சத்தம் கேட்டதும் வாசலில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வண்டிக்காரரிடம் பேசிவிட்டு வந்த சித்தப்பா துணியின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை கீழிருந்து ஒவ்வொரு பட்டனாக ஏறியது. கழுத்தில் மட்டும் எட்டவில்லை. காலரில் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

அம்மா எழுந்து வந்தாள். இந்தக் கடையில் காஜாவும் பட்டனும் அவள் வேலை. அந்தப் பட்டனை அறுத்தெடுத்து, காலரின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அவர் மேலேயே வைத்துத் தைத்தாள். வெளியே ஹாரன் அடித்தது.

"அண்ணி, நேரம்..."

"இருங்க."

நாலு முறை குத்தி எடுத்து, பட்டனின் அடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மகள் கத்தரியை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. குனிந்து, அவர் கழுத்தில் முகத்தை வைத்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.