பெயர் கொடுத்தால் வீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாலை வகுப்பில் கட்டுரைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த வீரசிங்கம் வாத்தியார், சீதாலெட்சுமியின் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர் அவளைப் புகழ்ந்ததுதான் வினையாகப் போயிற்று.

"அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மாவைப் பத்து வயதில் நிறுத்தினார்கள். என்னை மூன்றாம் படிவத்தில் நிறுத்தினார்கள்" என்று அவள் எழுதியதை உரக்க வாசித்தார்.

"பாருங்கோ பிள்ளைகள். வறுமை எண்டது காசில்லாதது மட்டுமில்லை, அது ஒரு கலாச்சாரம். தாய் பிள்ளைக்குக் குடுக்கிறா, பிள்ளை தன்ர பிள்ளைக்குக் குடுக்குது. இந்தப் பிள்ளை எவ்வளவு நேர்மையா எழுதியிருக்கு!"

பின் வரிசையில் லோரி ஓட்டும் பக்கிரிசாமி எழுந்தான். "சார், எங்கப்பா எனக்கு ஒண்ணுமே குடுக்கலன்னு இத்தனை நாளா திட்டிக்கிட்டு இருந்தேன். கலாச்சாரம் குடுத்திருக்காரு லா!"

வகுப்பு சிரித்தது. சீதாலெட்சுமியும் சிரித்தபடி தாளை வாங்கிக்கொண்டாள். காது மட்டும் சுட்டது.

கட்டுரைக்காக வாத்தியார் கொடுத்த பன்னிரண்டு கேள்விகளுக்கும் கோடு போட்டு, எண் போட்டு, வரிசை பிசகாமல் பதில் எழுதியிருந்தாள். 'பெற்றோர் கல்வியை மதித்தார்களா?' என்பது ஏழாவது. 'நிறுத்தினார்கள்' என்றுதான் எழுதினாள். ஏன் நிறுத்தினார்கள் என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்காததை எழுதினால் தப்பாகிவிடுமோ என்று விட்டுவிட்டாள்.

ஏன் என்பது அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் பதிவேட்டில் பெயர் உள்ள ஆளுக்குத்தான். அப்பா இறந்தபோது அம்மா இராஜம்மா கண்டிராக்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். செக்ரோலில் பெயர் கிடையாது, கேட்டும் அப்போது சேர்க்கவில்லை. சீதாலெட்சுமி வேலைக்குத் தன் பெயரைக் கொடுத்தாள், வீடு நின்றது. ஆறு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பிறகு, கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலையும் தங்கும் விடுதியும் கிடைத்தன. அதற்குள் தோட்டத்தில் ஆள் குறைந்திருந்ததால், அவள் பெயருக்குப் பதிலாக அம்மா தன் பெயரை எழுதவைத்தார்.

ஆனாலும் கிள்ளான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மனம் குடைந்தது. வாத்தியார் படித்தவர். ஒருவேளை அவர் சொல்வது சரியோ? அம்மா இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாமோ?

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படிக்கும் தங்கை தனலெட்சுமி, வாசலில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, இவ கையில கத்தி?"

"அடுத்த மாசம் எனக்கு அம்பத்தஞ்சு. வேலையிலிருந்து நிறுத்திடுவாங்க. நாளைக்கு இவ பேரைக் குடுக்கணும். தெரியாத மாதிரி கேக்கிற?"

"அரசாங்கச் சோதனைக்கு மூணு மாசந்தான் இருக்கு."

"உனக்குந்தான் இருந்துச்சு."

தனம் கத்தியின் கூரைப் பார்த்தபடி சொன்னாள். "விடுக்கா. நீ இப்ப மாலை வகுப்புக்குப் போகல? நானும் பின்னால போயிக்கிறேன்."

அக்கா தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் தொலைத்த எட்டு வருடத்தைப் பஸ்ஸைத் தவறவிட்டவள் போல எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! இதையும் கலாச்சாரம் என்பார்கள். அதற்குச் சாட்சியாகச் சீதாலெட்சுமியின் கையெழுத்திலேயே ஒரு தாள் இருக்கிறது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து ஏழாவது பதிலை அடித்துவிட்டுக் காரணத்தை எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கமும் நிரம்பியது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அம்மாவோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். ஆபீஸ் கணக்கு எழுதும் கார்த்திகேசு கிராணி செக்ரோலை விரித்து வைத்திருந்தார்.

"தங்கச்சி பேரை எழுதிடலாமா?"

"எழுதாதீங்க. அவ படிக்கணும்."

"அப்ப வீடு? ரூல் நான் போட்டதில்ல லா, கம்பெனி போட்டது. அப்பா போனப்ப நீ வந்த, இப்ப தங்கச்சி வர்றா. உங்காளுங்களுக்குப் படிப்பு எங்க ஒட்டுது?"

"ஒட்டாம இல்ல கிராணி. பிள்ளையைக் குடுத்தாத்தான் வீடுன்னு சொல்லி, ஒட்டினதை நீங்கதான் கிழிச்சு எடுக்கிறீங்க. மேனேஜர் துரை மகன் படிக்கப் போனப்ப பங்களாவைக் காலி பண்ணச் சொன்னீங்களா? உங்க மகனை விடியக்காலப் பெரட்டுல வரிசையில நிக்கக் கூப்பிட்டீங்களா? அம்மா இந்த மண்ணுல நாப்பத்தஞ்சு வருஷம் குனிஞ்சு நின்னிருக்காங்க. அதுக்கு ஒரு கூரை இல்ல. அப்புறம் எங்களுக்குப் புத்தி இல்லன்னு பேசுறீங்க!"

ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் அப்போதும் இருந்தது. கிராணி அவளை விட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இராஜம்மா, மக பேசுறா. நடுத்தெருவுல நிக்கப்போறது நீதான். என்ன எழுதட்டும்?"

அம்மா செக்ரோலைப் பார்த்தார். அதிலிருந்த இங்கிலீஷ் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். அதற்குக் கீழே காலியாக இருந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் காலி பண்ண எத்தனை நாளு குடுப்பீங்க?"

"ஒரு மாசம்."

"சரி."

திரும்பி வரும் வழியில் அம்மா முன்னால் வேகமாக நடந்தார். கிள்ளானில் ஒரு கம்பத்துக் குடியிருப்பில் வாடகைக்குப் பலகை வீடு பார்க்கலாம், அங்கிருந்து தனம் பள்ளிக்கு பஸ்ஸில் போகலாம் என்று சீதாலெட்சுமி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அடுப்படிக் கூரையின் ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார்.

"என்னம்மா, இப்பவேவா?"

"இந்தத் தகரம் நான் வாங்கிப் போட்டது. ஒண்ணையும் கம்பெனிக்காரனுக்கு விட மாட்டேன். சுத்தியலை எடு!"