அமெரிக்க முறைப் பள்ளிக்கூடம்

உலகக் கல்வியின் போக்கையே மாற்றப்போகும் புரட்சி ஒன்று 1977-இல் செந்துறைப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் தொடங்கிவிட்டதாகத் தலைமையாசிரியர் சாமிதுரை மனதார நம்பினார். உண்மையில் தொடங்கியது ஐப்பசி மழை. அதில் ஐந்தாம் வகுப்பின் இரண்டு சுவர்கள் விழுந்துவிட்டன.

புதுச் சுவர் கேட்டு ஊரே மனுக் கொடுத்ததில், அரியலூரிலிருந்து கல்வி அதிகாரி ஜீப்பில் பார்வையிட வந்தார். வகுப்புக்குள் நின்ற வெள்ளாட்டைப் பார்த்து, "என்னய்யா இது, பள்ளிக்கூடமா, ஆட்டுப்பட்டியா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

சாமிதுரைக்கு முகம் சுருங்கிப்போனது. நல்லவேளையாக, திருச்சிக் கருத்தரங்கில் அரைத் தூக்கத்தில் கேட்டது கைகொடுத்தது.

"அமெரிக்காவுல இப்ப இதாங்க சார் முறை. வகுப்புக்குச் சுவரே கூடாதுங்கறாங்க. மணி கிடையாது, பெஞ்சு கிடையாது. பிள்ளைங்க இஷ்டப்பட்டதப் படிக்கும்."

"அந்த ஆடு?"

"இயற்கைப் பாடம் சார்."

அதிகாரி குளிர்ந்துபோனார். முன்மாதிரிப் பள்ளி என்று கைகுலுக்கிப் பாராட்டி, சுவருக்கு வந்த பணத்தை வேறு ஊருக்கு ஒதுக்கிவிட்டுப் போனார்.

ஜீப் மறைந்ததும் ஊராட்சி உறுப்பினர் கொளஞ்சி பக்கத்தில் வந்தார்.

"ஏன் சார், நாம சுவரு கேட்டமா, வேணாம்னமா?"

"அமெரிக்காக்காரனே இப்பதான் இடிக்க ஆரம்பிச்சிருக்கான் கொளஞ்சி. நாம முந்திட்டோம்!"

"அவன் ஊர்ல மழை பெய்யாதுங்களா?"

சாமிதுரைக்கு மனசு நிறைந்திருந்தது. பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும்கூட ஒரு குறையும் இல்லை.

மழை நாட்களில் ஐந்தாம் வகுப்பு அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நடந்தது. அதற்கு நாலு பக்கமும் சுவர் இருந்தது.