பட்டியலில் பதினேழாவது

அந்த சிமுலேட்டரைப் புழங்குகிறவர்கள் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பி ஒன்றுகூட இழுக்காமல், ஒரு நெட்வொர்க் முழுவதையும் கணினிக்குள்ளேயே கட்டி ஓடவிட்டுப் பார்க்கிற மென்பொருள் அது. இலவசம், யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதில் மட்டும் கடைசி வார்த்தை மேஸ்திரியுடையது.

விடிந்ததிலிருந்து மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். அடுத்த பதிப்புக்கான வேலைப் பட்டியலைத் திரையில் வைத்துக்கொண்டு, அவளும் கூட்டாளி தாடியும் வீடியோவில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழாவது, வரிசைக்கு எல்லை வைக்கிறது. இதை இந்தத் தடவையும் தள்ளிடலாமா?" என்றான் தாடி.

"தள்ளு. அதைத் தொட்டா எல்லாரோட பழைய ரிசல்ட்டும் மாறிடும். சண்டைக்கு வந்துடுவாங்க."

எட்டு வருடமாக இதே பேச்சுதான். நிஜக் கருவியில் தகவல்கள் வரிசையில் காத்திருக்கக் கொஞ்சம்தான் இடம் உண்டு. நிரம்பினால் மிச்சமெல்லாம் தொலைந்துபோகும். முதன்முதலாகச் செய்து காட்டிய அன்று மானம் போகக் கூடாதென்று, சிமுலேட்டரில் அந்த இடத்துக்கு எல்லையே இல்லாமல் விட்டவள் இவள்தான். வேண்டியவர்கள் தாங்களே ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம் என்று கையேட்டின் மூலையில் ஒரு வரி உண்டு. அதை எந்தப் புண்ணியவான் படிக்கிறான்!

"இந்தா, நல்ல சேதி ஒண்ணு வந்திருக்கு," என்று தாடி ஒரு கடிதத்தை வாசித்தான். "'எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் புது நெட்வொர்க்கை உங்கள் சிமுலேட்டரில்தான் வடிவமைத்தோம். ஒரே நேரத்தில் நாற்பதாயிரம் அழைப்புகள் விட்டுப் பார்த்தோம், ஒன்றுகூடத் தவறவில்லை. இன்று காலை மாற்றிவிட்டோம். நன்றி.'"

மேஸ்திரி கடிதத்தைத் தன் திரையில் திறந்து, அனுப்பியவர் முகவரியைப் பார்த்தாள். அது அவள் ஊர் மையம். அங்கே உட்கார்ந்து அழைப்பு எடுக்கிறவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி.

"ஏன் தவறலைன்னு எனக்குத் தெரியும்டா," என்றாள்.

கடிதத்தோடு வந்திருந்த வரைபடத்தை ஏற்றி, நிஜக் கருவியின் அளவுக்கு எல்லை வைத்து ஓடவிட்டாள். மூவாயிரம் அழைப்பு வரை ஒழுங்காகப் போனது. அதற்கு மேல் தொலைய ஆரம்பித்தன. லைன் கிடைக்காதவர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட, அந்த நெரிசலில் மொத்தமும் அடைத்துக்கொண்டது. மையத்துக்குப் போய்ச் சேர்ந்த அழைப்பு பூஜ்யம் என்றது திரை.

"உடனே அவங்களுக்கு எழுது. தப்பு என்னோடதுன்னே போடு," என்று கத்திவிட்டு, தம்பியின் சொந்த போனுக்கு அடித்தாள். வேலை நேரத்தில் அவன் எடுக்கவே மாட்டான். இன்று இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"டேய், அங்க எப்படி இருக்கு?"

"சூப்பர்க்கா! இந்த மழைக்கு இன்னைக்கு நாக்கு தள்ளிடும்னு பயந்துட்டேதான் வந்தேன். முதல் அரை மணி நேரம் அடிச்சிட்டே இருந்துச்சு. அப்புறம் மூணு மணி நேரமா ஒரு போன்கூட இல்ல. எல்லாரும் சும்மாதான் உக்காந்திருக்கோம்," என்று சிரித்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகல போல."