பதினோரு முன்பற்கள்

அந்த அம்மாவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பேசுவதைவிடத் தலையாட்டுவதுதான் அதிகம். உட்காரலாமா என்று கேட்டதற்கே மூன்று முறை ஆட்டினார். வாசல் பலகையில் மனநல ஆலோசகர் என்று போட்டிருந்தது. நான் தலையாட்டி என்று பெயர் வைத்தேன். அவர் மேஜையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. சுவரில் ஒரு படகுப் படம், இடது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சொந்தப் படத்தை நேராக மாட்டத் தெரியாதவர் என் மனசை நிமிர்த்தப் போகிறாராம்.

நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். எங்கள் லேபில் பீங்கான் மாவைத் தூரிகையால் படியவைத்து, சின்ன உலையில் சுட்டு, பல்லாக்கித் திருப்பி அனுப்புவேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. இதில் பெரிய தலைவலி ஒற்றை முன்பல். நாலைந்து பல் சேர்த்துச் செய்தால் ஒன்றுக்கொன்று துணை. ஒற்றைப் பல் என்றால் பக்கத்தில் பிறவிப் பல் நின்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

என் தம்பிக்குப் போனது அந்தப் பல்தான். அவன் சலூன் வைத்திருக்கிறான். கடையின் கண்ணாடிக் கதவு காற்றில் அடித்து முன்பல் பாதியாக உடைந்தது. டாக்டர் மிச்சத்தைத் தேய்த்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பல்லை ஒட்டினார். இது சும்மா பத்து நாளைக்கு, அதற்குள் உங்கள் அக்கா நல்ல பல்லைச் செய்து கொடுத்துவிடுவார் என்றார். அக்கா எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தாள்.

பதினோரு பல் செய்தேன். முதலாவதின் விளிம்பில் ஒளி ஓர் இழை குறைவு. இன்னொன்று வெயிலில் சரியாக இருந்தது, டியூப்லைட்டில் சுண்ணாம்பாகத் தெரிந்தது. ஒன்றில் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே சந்தேகம் வந்து ஒதுக்கினேன். எல்லாவற்றுக்கும் எண் போட்டு ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். அவன் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். வந்தவர் காது புளிக்கப் பேசுகிறவன், நாள் முழுக்கக் கண்ணாடியில் தன் வாயையே பார்க்கவேண்டிய தொழிலில், உதட்டை மூடிக்கொண்டு முடி வெட்டினான்.

ஒரு சனிக்கிழமை, கடை நிரம்பி வழிந்த நேரத்தில், அந்தப் பிளாஸ்டிக் பல் கழன்று ஒருவர் தலைமேல் விழுந்தது. கழல்வது ஐந்தாவது தடவை, தலையில் விழுவது முதல் தடவை. அந்த மனிதர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டார். தம்பி ஷட்டரை இறக்கிவிட்டு நேரே என் லேபுக்கு வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தானும் படுக்க மாட்டேங்கிற, தள்ளியும் படுக்க மாட்டேங்கிற" என்றான். "கோளாறு பல்லுல இல்லக்கா, உன் தலையில. ஆறு வாரம் யாருகிட்டயாவது போய்ப் பாரு. அப்பவும் பல்லு வரலைன்னா நான் வேற லேபுல செஞ்சுக்குவேன். உன் வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன்."

வேறொருத்தி செய்த பல், என் தம்பி வாயில். அதற்கு இந்தத் தலையாட்டியே தேவலை என்று போனேன்.

முதல் வாரம் ஒரு நோட்டைக் கொடுத்தார். எதையாவது திரும்பச் செய்யும்போதெல்லாம், எதற்குப் பயந்து செய்கிறேன் என்று அதில் எழுத வேண்டும். எழுதினேன். ஒரே அடித்தல் திருத்தலாக இருந்ததால் வேறு நோட்டில் பிரதி எடுத்தேன். அதில் ஓரம் கோணியிருந்தது, இன்னொன்று வாங்கினேன். தலையாட்டி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இது எத்தனையாவது பிரதி என்று கேட்டார். மூன்றாவது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. முதல்முறையாக மனுஷி தலையாட்டவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அடுத்த வாரம் படகுப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்காரச் சொன்னார். தொடக்கூடாது. உள்ளுக்குள் பத்துக்கு எத்தனை எரிகிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்ல வேண்டும். ஒன்பது என்றேன். ஒன்பது. ஒன்பதரை. எழுந்து போய்விடலாமா என்று செருப்பைக்கூடத் தேடினேன். பன்னிரண்டாவது நிமிஷம் என் வாயே ஆறு என்றது. படம் இருந்தபடியேதான் இருந்தது. அவர் சொன்னது பலித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போகும்போது கதவை வேண்டுமென்றே அறைந்து சாத்தினேன்.

ஐந்தாவது வாரம் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். பதினொன்றையும் துணியில் வரிசையாக வைத்தேன். எல்லாம் ஒரே மாதிரிதானே தெரிகிறது என்றார். உங்களுக்குத் தெரியாதது என் குற்றமா என்று ஆரம்பித்தேன். படகு, மேஜைக்கால், தலையாட்டல் என்று நாலு வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முதலாவது பல்லைத் தொட்டார்.

"இதையே கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அவன் நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிறவன். குறையைப் பார்த்துடுவான்."

"பார்த்தா?"

"அக்காவுக்கு இவ்வளவுதான் வருமான்னு நினைப்பான்."

"இப்ப என்ன நினைக்கிறார்?"

லேப் வாசலில் வந்து நின்ற அவன் வாய் ஞாபகம் வந்தது. நடுவில் ஓட்டை. எட்டு மாதமாக நான் பல்லின் விளிம்பைத்தான் பார்த்தேனே தவிர அந்த ஓட்டையைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அழுதேன், அதுவும் இந்த அம்மா முன்னால். அவர் தலையாட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. குறை தெரிந்தே ஒன்றைக் கொடுங்கள், நாளைக்கே கொடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் டாக்டர் முதலாவது பல்லை ஒட்டினார். டியூப்லைட்டில் விளிம்பு மங்கலாக இருந்தது எனக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி நன்றி சொல்லவில்லை. அவனோடு கடைக்குப் போகும் வழியில் டப்பாவிலிருந்த பதினொன்றைப் பற்றியும் சொன்னேன். போனதும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"பதினொண்ணுல இது எத்தனாவது?"

பொய் சொல்லியிருக்கலாம். "முதலாவது" என்றேன்.

"எப்ப செஞ்சது?"

"பல்லு உடைஞ்ச அடுத்த வாரம்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியைத் திருப்பி, உட்கார் என்றான். கழுத்தில் துணியைக் கட்டினான். என் நெற்றி முடியைச் சீவி இறக்கி, கத்தரியை வைத்து வெட்டினான். வலப்பக்கம் ஒரு விரற்கடை ஏறி நின்றது. பதினைந்து வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவன். கை தவறியெல்லாம் இல்லை. வெட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"சரியா இருக்காக்கா?"

ஒன்பது. ஒன்பதரை. துணிக்குள் என் கை தானாக எழுந்தது. நாற்காலியின் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் நகரவில்லை. எனக்குள் எட்டுக்கு இறங்கியதும் சொன்னேன்.

"இருக்கு."

"எட்டு மாசம் இப்படித்தான் வெட்டுவேன்" என்றான். அதைச் சொல்லும்போது உதட்டை மூடிக்கொள்ளவில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இது மூன்றாவது மாதம். இன்னும் சில நாள் ஏழு, சில நாள் நாலு. லேபில் எல்லோரும் இதை யார் வெட்டியது என்று கேட்கிறார்கள். என் தம்பி வெட்டியது என்கிறேன்.