குடித்துக் காட்டாத போத்தல்

புஷ்பவதி செய்த முட்டாள்தனம் ஒன்றே ஒன்றுதான். இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த 2008ஆம் ஆண்டில், தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு, வெள்ளித்தாள் சுற்றிய போத்தலொன்றைப் பஸ்ஸில் கொண்டுபோனாள்!

வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் சாயம் கெட்டுப்போகும், வேறென்ன செய்வாள் பாவம்? எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து கெம்பஸ் ஆய்வுகூடம் வரை வந்தவளுடைய மூன்று மாத உழைப்பு அது. டி.என்.ஏ. இரண்டு இழையாகத்தான் உறுதியாக நிற்கும். மூன்றாவது இழையைச் சேர்த்தால், கொஞ்சம் சூடு பட்டாலே கழன்றுவிடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் ஒளிரும் சாயம் கலந்திருந்தாள். எவ்வளவு சூடு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அனுராதபுரத்தில் இருந்தது.

தம்புள்ளை சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். போத்தல் வைத்திருப்பவர், உள்ளே வெடிமருந்து இல்லை என்பதற்கு ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும், அன்றைய வழக்கம் அது. சிப்பாய் வெள்ளித்தாள் போத்தலை அவளிடமே நீட்டினான்.

"குடி" என்றான் சிங்களத்தில்.

டி.என்.ஏ.யைப் பிடிக்கிற சாயம் அவள் உடம்பில் இருப்பதை மட்டும் விட்டுவைக்குமா? குடிக்காவிட்டால் ஜீப்பில் ஏற்றுவார்கள். ஏறியவர்கள் எல்லாரும் வீடு திரும்பினார்களா என்ன?

"குடிக்க முடியாது சேர். ஆராய்ச்சிச் சாயம்" என்றாள், அவளும் சிங்களத்திலேயே.

"சாயமா, வெடிமருந்தா?" துப்பாக்கி நிமிர்ந்தது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த மரக்கறி வியாபாரி ஜவாஹிர் நானா பின்னால் நின்றார். சட்டைப் பையைத் தடவினார். "புள்ள, எங்கிட்ட கள்ளநோட்டுப் பாக்குற லைட் ஒண்ணு இருக்கு. ஒதவுமா?"

"ஒதவும் நானா! அந்த லைட் பட்டா சாயம் பச்சையா மின்னும். டி.என்.ஏ.யப் புடிச்சிருந்தாத்தான் மின்னும்." அதையே சிப்பாயிடம் சிங்களத்தில் சொல்லிக் கெஞ்சினாள்.

மணல்மூட்டை நிழலுக்குப் போய் அவன் தாளைக் கொஞ்சம் விலக்கினான். ஜவாஹிர் லைட்டைப் பிடித்தார். சொன்னபடியே பச்சையாக மின்னியது.

"அம்மோ!" என்றான் சிப்பாய். அவனே தாளை இடைவெளி இல்லாமல் சுற்றிக் கொடுத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் சங்கடப்பட்டு, இடுப்பிலிருந்த தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் கை நீளவில்லை.

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு மூடியைத் திறந்து, தானே ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு, மறுபடி நீட்டினான்.

புஷ்பவதி வாங்கிக் குடித்தாள்.